கிரைண்டர் தாங்காத ஜெனரேட்டர்

மகனே,

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். முந்தாநாள் உன் ஸ்டேட்டஸில், புனேயில் நண்பர்களோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும் படத்தைப் பார்த்தேன். நான்தான் நலமாக இல்லை. கடுங்கோபத்தில் இருக்கிறேன். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறாய். அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி, ஊரறிய இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பிள்ளை வாங்கி அனுப்பிய ஜெனரேட்டர் வாசலில் வந்து இறங்கியதும் பூரித்துப்போய் நிற்கும் மற்ற அம்மாக்களுக்கும் இது உதவட்டும்.

நானும் அப்படித்தான் பூரித்துப்போனேன். சிவப்பு நிறத்தில், பளபளவென்று, சக்கரம் வைத்து வந்தது அது. உங்கப்பா அதற்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினார். மழை படாது என்று மாடிப்படிக்குக் கீழே, வீட்டுக்குள்ளேயே வைக்கலாம் என்று இழுத்துக்கொண்டும் வந்துவிட்டார். கடையிலிருந்து வந்தவர் பதறிப்போய்த் தடுத்தார். புகை வீட்டுக்குள் சேர்ந்தால் தூக்கத்திலேயே ஆள் போய்விடும், வாசனையே தெரியாது என்றார். பிறகு பக்கவாட்டுச் சந்தில், ஜன்னலை விட்டுத் தள்ளி, தகரக்கூரை போட்டு வைத்தோம். எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்தாள். "எம் புள்ள வாங்கி அனுப்பிச்சான். மழை வந்தா அம்மா கஷ்டப்படுறாளேன்னு" என்று நான் அவளிடம் சொன்னேன். அதை இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏன் ஜெனரேட்டர் கேட்டேன் என்பது உனக்குத் தெரியும். தெரியாது என்று நீ சொல்ல முடியாது, நீ அன்று இங்கேதான் இருந்தாய். போன மழையில் ஆற்றுத் தண்ணீர் கோட்டூர்புரத்தில் நம் தெருவுக்குள் ஏற ஆரம்பித்ததும், யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாது என்று கரண்டை நிறுத்தினார்கள். நிறுத்தியது சரிதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்று காலை நான் உளுந்தும் அரிசியும் ஊறப்போட்டிருந்தேன். நந்தனத்து லேடீஸ் ஹாஸ்டலுக்கும் சாந்தோம் மெஸ்ஸுக்கும் விற்க அரைத்து முடித்த இட்லி மாவு டிரம்மில் இருந்தது. டீப் ஃப்ரீசர் செத்துப்போய், மாவு பொங்கிப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. ஊறின உளுந்து நாற ஆரம்பித்தது. கடைசியில் நானும் உங்கப்பாவும் டிரம்மை உருட்டிக்கொண்டு போய்த் தெருத் தண்ணீரில் கவிழ்த்தோம். தெரு முழுக்க வெள்ளையாக ஓடியது. நான் அழுதேன். நீ மாடியிலிருந்து இறங்கி வந்து, முழங்கால் தண்ணீரில் நின்று, "அழாதம்மா, அடுத்த மழைக்குள்ள ஒரு ஜெனரேட்டர் வாங்கிடலாம்" என்று என் தோளைப் பிடித்தாய். எதற்காக அழுதேன் என்று தெரிந்துதானே பிடித்தாய்?

சரி, கதைக்கு வருகிறேன். ஜெனரேட்டர் வந்த மறு வாரமே பராமரிப்பு வேலைக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது என்று செய்தி வந்தது. எனக்கு ஒரே குஷி. இனி யார் தயவும் வேண்டாம் என்று வழக்கம்போல ஊறப்போட்டேன். கரண்ட் போனதும் உங்கப்பா கயிற்றை இழுத்தார், ஜெனரேட்டர் ஒரே இழுப்பில் கிளம்பியது. ஃபேன் ஓடியது. டிவி ஓடியது. ஃப்ரீசர் உறுமியது. மாடியில் உன் அறையில் ஏசி கூட ஓடியது. உங்கப்பா போய் அதன் கீழே நின்று பார்த்துவிட்டு வந்து, "ஜில்லுனு கீது" என்று சிரித்தார். நான் சாமி கும்பிட்டுவிட்டுக் கிரைண்டர் சுவிட்சைத் தட்டினேன். ஜெனரேட்டர் தொண்டையில் ஏதோ அடைத்தது போல ஒரு சத்தம் போட்டது. கல் பாதி சுற்று சுற்றியது. அவ்வளவுதான், எல்லாம் அணைந்துவிட்டது. ஏசியை நிறுத்திவிட்டுத் தட்டினேன், அப்போதும் நின்றது. ஃப்ரீசரையும் நிறுத்திவிட்டுத் தட்டினேன். கல் சுற்றாமல் மோட்டார் மட்டும் முனகி, வயர் கருகுகிற வாசனை வந்தது. ஐயோ பாவம், பிள்ளை ஆசையாக வாங்கினான், கடைக்காரன் பழுதானதைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்துக் கடைக்குப் போன் போட்டு நன்றாகத் திட்டினேன்.

திட்டு வாங்கியவர் சாயங்காலம் நேரில் வந்தார். பார்த்தார். கிரைண்டரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இன்னாம்மா, இத்தயா இதுல போட்டீங்க? ஒரு எச்பி மோட்டாரு, அரிசி வேற நெறஞ்சி கீது. ஓடிக்கினு இருக்கும்போது இழுக்கிறது ஒண்ணும்மா, கிளம்பும்போது அதப்போல மூணு பங்கு இழுக்கும். இந்த மூணு கேவிஏ ஜெனரேட்டரு எப்டிம்மா தாங்கும்?"

"அப்போ ஏன்யா இதக் குடுத்தீங்க? எம் புள்ள கேட்டான்ல?"

"நான் அப்பவே கேட்டேம்மா. சார், மோட்டார் எதுனா கீதா, கிரைண்டரு, தண்ணி மோட்டாருன்னு. கிரைண்டர் ரெண்டு கீது, ஆனா கணக்குல வேணாம், என் கண்ணாலத்துக்கு அப்பறம் அம்மா அத்த வுட்டுடுவாங்கன்னு அவருதான் சொன்னாரு. மாடி ஏசி மட்டும் ஓடணும்னாரு."

அவர் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வது? காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர் போன பிறகு கிரைண்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ தெரியாமல் செய்திருந்தால் நான் சிரித்திருப்பேன். எத்தனை பேர் அப்படி ஏமாந்து போகிறார்கள். லைட்டையும் ஃபேனையும் கூட்டுகிறார்கள், மோட்டாரை மறந்துவிடுகிறார்கள். நீ மறக்கவில்லை. கடைக்காரர் கேட்டு நினைவுபடுத்தியும், வேண்டாம் என்று தள்ளியிருக்கிறாய். என் வீட்டுக்கு, என் வேலைக்காக நான் கேட்ட ஜெனரேட்டரில், என் வேலை மட்டும் ஓடாதபடி பார்த்து அளவு எடுத்திருக்கிறாய். கிரைண்டரை நிறுத்தும்மா என்று என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அடுத்த மழை வந்து, கரண்ட் போய், மாவு கெட்டு, ஹாஸ்டல்காரர்கள் வேறு இடம் பார்த்து, நானாகவே அலுத்துப்போய் உட்கார்ந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டாய். என் தலையிலேயே மிளகாய் அரைத்துவிட்டாய்.

அன்றே உனக்குப் போன் செய்தேன். அதிசயமாக எடுத்தாய். "அம்மா, உன் நல்லதுக்குத்தான். முட்டி வலின்னு நீதானே சொல்ற?" என்றாய். முட்டி வலி எனக்கு இருக்கிறது. அது என் முட்டி. வலியோடு வேலை செய்வதா, உட்காருவதா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். அதைத்தான் சொன்னேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, உனக்குப் பேசி முடித்த பெண் வீட்டைப் பேச்சில் இழுத்து, "வித்யா வீட்ல எல்லாரும் படிச்சவங்கம்மா. வாசல்ல ஆளுங்க பாத்திரத்தோட வந்து நிப்பாங்க, நல்லா இருக்குமா? புரிஞ்சுக்கோம்மா" என்றாய். புரிந்துகொண்டேன். முட்டி ஒரு சாக்கு என்பது புரிந்துவிட்டது.

சாந்தோம் பள்ளிக்கூடத்தில் உன்னை "மாவு, மாவு" என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் மெஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லி உன் சைக்கிளில் தூக்கு மாட்டி அனுப்புவேன். ஒருநாள் சட்டைப் பை கிழிந்து, உதட்டில் ரத்தத்தோடு வந்தாய். யார் அடித்தது என்று கேட்டதற்குக் கீழே விழுந்தேன் என்றாய். மறுநாளிலிருந்து உங்கப்பாவே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார். உன்னிடம் நாங்கள் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு வலித்திருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை அடித்தவனைத் திருப்பி அடித்துவிட்டு வந்தானடா! மாவு என்றவனின் சட்டையையும் கிழித்துவிட்டுத்தான் வந்தான், வாத்தியார் பிறகு எங்களிடம் சொன்னார். இன்று உன்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடுவதற்கு முன்பே நீயே பயந்து, என்னைத் துணி போட்டு மூடுகிறாய்.

துணி போட்டு மூடியதைச் சும்மா சொல்லவில்லை. வித்யா வீட்டார் தி.நகரிலிருந்து வீடு பார்க்க வந்த நாளை நினைத்துப் பார். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டை வந்து பார்ப்பது வழக்கம், அவர்கள் மேல் தப்பில்லை. அன்றைக்கு ஒருநாள் லீவு விடும்மா, சத்தத்தில் பேச முடியாது என்றாய். நியாயம்தானே என்று நானும் ஹாஸ்டலுக்குச் சொல்லிவிட்டு லீவு விட்டேன். நீ கிரைண்டர் இரண்டையும் பூப்போட்ட பெட்ஷீட்டால் மூடினாய். தூசி விழாமல் இருக்க மூடுகிறான், என்ன பொறுப்பு என்று நினைத்த முட்டாள் நான். அவர்கள் வந்தபோது நான் அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்தேன். பெட்ஷீட்டுக்குப் பக்கத்தில் நின்று நீ அவர்களிடம் என்ன சொன்னாய் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அதைச் சொன்னது வித்யா. உன்னைக் காட்டிக் கொடுக்க அவள் சொல்லவில்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. முகூர்த்தப் புடவைக்கு என்ன நிறம் எடுக்கலாம், நீங்களும் கடைக்கு வரணும் அத்தை என்று ஆசையாகப் போன் செய்தாள். நான் சாயங்கால மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாக, "இப்போ வீட்ல ரெஸ்ட்டா இருக்கீங்களா அத்தை? முன்னாடி ஏதோ மாவு பிசினஸ் பண்ணீங்களாமே, முட்டி வலியால எப்பவோ விட்டுட்டீங்கன்னு அவர் சொன்னார். அந்தப் பழைய மெஷின் கூட மூடி வெச்சிருந்தீங்களே, பார்த்தோம்" என்றாள். எனக்குக் காது அடைத்துப்போனது. அதற்குள் அவள், "பின்னாடி என்ன சத்தம் அத்தை?" என்று கேட்டாள்.

கிரைண்டர் சத்தம். உன்னைத் தூங்கவைத்த சத்தம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பக்கத்து வீட்டுலம்மா" என்றேன்.

உன் மானம் போய்விடுமே என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் முன்னால் நான் மாவுக்காரி என்று சொல்லியிருக்கிறேன். ஹாஸ்டல் வார்டனிடம் சொல்லியிருக்கிறேன். உன் காலேஜ் சேர்க்கையின்போது அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட நாக்கு தடுக்கியதில்லை. என் சொந்த வீட்டில், கை நிறைய மாவோடு நின்றுகொண்டு, ஓடுகிற என் கிரைண்டரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டேன். போனை வைத்த பிறகு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நீ பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவேன். அந்தப் பொய்யை என் வாயாலேயே சொல்ல வைத்தாய் பார், அதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கடைக்குப் போனேன். உங்கப்பா வண்டியில் பின்னால் உட்கார்ந்து நானே போனேன். நீ அனுப்பியதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், மேலே ஆவதை நான் தருகிறேன் என்றேன். அவர்கள் உடனே பத்து கேவிஏ டீசல் ஒன்றைக் காட்டி, வீடு முழுக்க ஓடும் என்று ஆசை காட்டினார்கள். அதுவும் வேண்டாம் என்றேன். பெரியதை வாங்கிவிட்டு நாலு லைட்டுக்கும் இரண்டு ஃபேனுக்கும் ஓட்டினால் டீசலும் வீண், புகைக்கரி பிடித்து மெஷினும் வீண். அளவு என்றால் நம் வீட்டு அளவு, எதிர்வீட்டுக்காரி பார்த்து வாயைப் பிளக்கிற அளவு இல்லை. எங்கள் வீட்டில் என்னென்ன ஓடும், எது எதோடு சேர்ந்து ஓடும், எது கிளம்பும்போது எது நிற்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். கிரைண்டர் இரண்டையும் ஒரே நேரத்தில் தட்ட மாட்டேன். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வெறும் கல்லைச் சுற்றவிடுவேன், அது ஓட்டம் பிடித்த பிறகுதான் அரிசியைப் போடுவேன். ஃப்ரீசர் ஓடட்டும். தண்ணீர் மோட்டார், மாவு அரைத்து முடித்த பிறகுதான். ஃபேன், லைட், உன் இன்டர்நெட் பெட்டி. ஐந்து கேவிஏ போதும் என்று முடிவானது. ஈபி கரண்டும் இதுவும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் இருக்கத் தனி மாற்று சுவிட்சும் எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டாயிற்று. அது இல்லாமல் ஜெனரேட்டர் வயரைப் பிளக்கில் சொருகி வீட்டுக்குள் கரண்ட் விட்டால் அது வெளியே லைனிலும் ஏறி, கம்பத்தில் வேலை செய்கிறவன் உயிர் போய்விடுமாம். இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அந்தச் சுவிட்சில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கடைக்காரர் கடைசியாக, "மாடி ஏசி சேத்துக்கலாமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். கரண்ட் இல்லாத நேரத்தில் ஃபேன் காற்று போதும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். கேட்காமல் ஒருவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று உனக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

உங்கப்பா உன் கட்சி. அது ஒன்றும் புதிதில்லை. "வுடு, கண்ணாலம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம். இப்போ போய் எதுனா ஆயிடுச்சுன்னா புள்ள வாழ்க்க இன்னாவுறது?" என்று நேற்று முழுக்க என் பின்னாலேயே சுற்றினார். அவரைக் கேட்டேன்: கல்யாணம் முடிந்து, அவன் புனேயை விட்டு ஊரோடு வந்து, அந்தப் பெண் மாடியில் குடிவந்த பிறகு, கீழே கிரைண்டர் ஓடும்போது தினமும் பக்கத்து வீடு என்று சொல்லச் சொல்கிறீர்களா? நம் பக்கத்தில் வீடே இல்லை, காலி மனை இருக்கிறது. அவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு மாவு எடுத்துப் போனார்.

வித்யா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாவு விற்கிற வீட்டில் வாழ மாட்டேன் என்று அவள் சொன்னாளா? அவள் அம்மா சொன்னாளா? ஒருவரும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று நீயாகப் பயந்து, அவர்களையும் சேர்த்துத்தான் கேவலப்படுத்தியிருக்கிறாய். அவர்கள் வேண்டாம் என்றால் அது அவர்கள் இஷ்டம். ஆனால் எதை வேண்டாம் என்கிறோம் என்று தெரிந்து சொல்லட்டும். இன்று இரவு உட்கார்ந்து அவளிடம் பேசு என்று உனக்கு ஒரு தவணை கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். நீ அதற்கும் கட்டைவிரல் அனுப்புவாய்.

அதனால் இந்தக் கடிதத்தை இதுவரை எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, முதலில் அவளுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வரி சேர்த்தேன்: அன்று கேட்டது என் கிரைண்டர் சத்தம்தான், பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்ளம்மா. அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். வாட்ஸ்அப்பில் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. பதில் இன்னும் வரவில்லை.

அவள் படித்துவிட்டாள். நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். இனி நீதான் அவளிடம் பேச வேண்டும்.

இப்படிக்கு,
மாவு அரைத்துக்கொண்டிருக்கும் உன் அம்மா